வெளிச்சம் இருந்தது, சூடு இல்லை

கடந்த பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டில் ஐந்து கோழிக்குஞ்சுகள் ஒரே இரவில் செத்துப்போயின. காரணம் நான்தான்.

சந்தையில் வாங்கிய இரண்டு நாள் குஞ்சுகள், மொத்தம் பன்னிரண்டு. அவற்றை அட்டைப்பெட்டியில் விட்டு, மேலே 60 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பாட்டி தொங்கவிட்டிருந்தார். அன்று மாலை பல்பு ஃபியூஸ் ஆனது. நான் கடைக்கு ஓடி, எல்இடி பல்பு வாங்கி வந்து மாட்டினேன். கரண்டு பில் குறையும் என்று பாட்டியிடம் பெருமை வேறு பேசினேன். இரவு நல்ல மழை. காலையில் குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அடியில் கிடந்த ஐந்தும் எழவில்லை.

பழைய பல்பு, தான் எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகத்தான் வெளியிடும். எல்இடி அப்படியில்லை. இதை இயற்பியல் பாடத்தில் படித்து, தேர்விலும் எழுதியவன் நான்!

நம் ஊரில் குளிரா என்று கேட்பீர்கள். வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ். மழை இரவில் வெளியே 24 பாகைதான் இருக்கும். பெரிய கோழிக்கு இறகுப் போர்வை உண்டு. நடுங்கிச் சூடு உண்டாக்கத் தசையும் உண்டு. குஞ்சுக்கோ மெல்லிய பூமயிர்தான். உடல் சிறியதாக இருந்தால், எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம். சூடு வேகமாக வெளியேறிவிடும். பொரித்தவுடன் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்து அது இரண்டு நாள் இரையின்றித் தாக்குப்பிடிக்கும். சூடின்றி ஓர் இரவைக் கடக்க முடியாது. அதனால்தான் முதல் வாரம் 32 முதல் 35 பாகை வரை சூடு கொடுத்து, பிறகு வாரத்துக்குச் சுமார் 3 பாகை குறைக்கிறார்கள். அதற்குள் இறகு முளைக்கிறது, தசை வலுக்கிறது.

கூரையில் கூடு கட்டும் மைனாவின் குஞ்சு இன்னும் பாவம். கண் திறக்காமல், உடம்பில் மயிரில்லாமல் பிறக்கிறது. முதல் சில நாள்கள் தானாகச் சூடு காக்க அதனால் முடியாது. தாய் எழுந்து போனால் பல்லியைப் போல அதன் உடலும் குளிர்ந்துவிடும். ஆனால் அதில் ஓர் ஆதாயம் இருக்கிறது. சூட்டுக்குச் செலவாக வேண்டிய இரையெல்லாம் வளர்ச்சிக்குப் போகிறது. சுமார் மூன்று வாரத்தில் அது கூட்டைவிட்டுக் கிளம்பிவிடும்.

பாட்டி வெப்பமானி எதுவும் வைத்திருக்கவில்லை. குஞ்சுகள் பல்புக்கடியில் நெருக்கியடித்தால் அதைக் கீழே இறக்குவார். விலகிப் போய் அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் மேலே ஏற்றுவார். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயால்தான் சூட்டைத் தணிக்கும் என்று நான் விளக்கியபோது, "அதெல்லாம் சரிய்யா, மொதல்ல பழைய பல்ப மாட்டு" என்றார்.

மிஞ்சிய ஏழும் இப்போது இறகு முளைத்து, கொல்லையில் ரம்புத்தான் கிளையில் தூங்குகின்றன. நேற்று இரவும் மழைதான்.