இரவை அளக்கும் அவரை

ஆடியில் ஊன்றிய அவரை புரட்டாசிக்குள் பந்தலை மூடிவிடும். அத்தனையும் இலை, மருந்துக்கும் ஒரு பூ இருக்காது. கொடி கொழுத்துப் போய்விட்டது, இனிக் காய்க்காது என்று சலித்து இலையை உருவிவிடுகிறவர்கள் உண்டு. ஐப்பசி கழிந்து, விடியலில் புல் நனையத் தொடங்கும்போது, அதே கொடியில் கணுவுக்குக் கணு ஊதாக் கொத்துகள் நிமிர்ந்து நிற்கும்.

இந்த அவரையைக் கொல்லிமலையின் வீட்டோரங்களில் பார்க்கலாம். செம்மேடு என்ற ஊர் இருக்கும் வாழவந்தி நாடு, அந்த மலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல். இந்த மலையில் சாமைக்கும் தினைக்கும் கிடைத்த பெயர் வீட்டோரத்து அவரைக்குக் கிடைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியங்களோடு வீட்டுத் தோட்டத்து அவரை ரகங்களையும் ஆவணப்படுத்தியிருக்கிறது. வேலியிலும் மரத்திலும் ஏறிவிடும் கொடி இது. விட்டால் ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு போகும். தாவரவியல் பெயரான ‘லாப்லாப் பர்பூரியஸ்’ என்பதில் இரண்டாவது சொல் ஊதாவைத்தான் சொல்கிறது. வெள்ளைப் பூ அவரையும் உண்டு. எது எந்தப் பூ என்று அறியப் பனிக்காலம் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாற்றின் தண்டிலும் இலை நரம்பிலும் ஊதா ஓடினால் பெரும்பாலும் பூவும் ஊதாதான். மூன்றுக்கும் சாயம் ஒன்றே, ஆந்தோசயனின்.

கொத்து ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அடியில் பிஞ்சு, நடுவில் மலர்ந்த பூ, நுனியில் மொட்டு: பூப்பது கீழிருந்து மேலே. பெரிய இதழ் பின்னால் மடங்கி, ஏற்றிய கொடிபோல் நிற்கும். கீழே படகுபோல் ஒட்டிய இரு இதழ்களுக்குள் பத்து மகரந்தத் தாள்கள். ஒன்பது ஒன்றாய் இணைந்திருக்க, ஒன்று மட்டும் தனியே. கருவண்டு வந்து அமர்ந்தால் அதன் கனத்தில் படகு தாழ்ந்து, சூல்தண்டு வெளியே நீட்டி வண்டின் உடம்பைத் தொடும். வண்டு வராவிட்டாலும் பெரிய நட்டமில்லை. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்துக்கொள்ளும்.

சரி, பனிக்காலம் என்று அதற்கு எப்படித் தெரியும்? குறுந்தொகையிலேயே, தலைவன் வராத பனிப்பருவத்தை அவரை பூப்பதைக் கொண்டு சொல்கிறாள் ஒரு தலைவி. அவளுக்கு அவரை ஒரு நாட்காட்டி. குளிர் பட்டுத்தான் பூக்கிறது என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். குளிருக்கும் பங்கு உண்டு. ஆனால் கொடி முதலில் பார்ப்பது இரவின் நீளத்தை.

இதற்கு முதல் துப்பு அமெரிக்காவில் ஒரு புகையிலைச் செடியில் கிடைத்தது. கோடை முழுக்க வளர்ந்துகொண்டே போய், பூக்க மறுத்த ரகம் அது. கார்னர், அல்லார்டு என்ற இருவர் நாள்தோறும் சில மணி நேரம் அதை இருட்டறையில் வைத்தார்கள், பூத்துவிட்டது. 1920-இல் அதை வெளியிட்டார்கள். பகல் குறைந்ததால் என்றே அன்று புரிந்துகொண்டார்கள். 1938-இல் மருளூமத்தைச் செடியை வைத்துச் செய்த சோதனைகள் கணக்கைத் திருப்பிப் போட்டன. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைக் காட்டினால் போதும், செடி பூக்கவில்லை. அது எண்ணிக்கொண்டிருந்தது இருட்டை.

எண்ணும் இடம் இலை. சிவப்பொளி பட்டால் உருமாறி, இருட்டில் மெல்லப் பழைய உருவுக்குத் திரும்பும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி அங்கே இருக்கிறது. அது செடியின் உள் கடிகாரத்தோடு சேர்ந்து இரவு போதிய அளவு நீண்டுவிட்டதா என்று காட்டிக்கொடுக்கிறது. நீண்டுவிட்டால் இலையில் ஒரு புரதம் உருவாகி, தண்டு வழியே நுனிக்குப் போய்ப் பூக்கச் சொல்கிறது. சலிப்பில் இலையை உருவுகிறவர் பிடுங்கி எறிவது இந்தக் கடிகாரத்தைத்தான்.

லண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம். அங்கே செடி ஏமாற வழியில்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினோரு பாகை தள்ளி இருக்கும் கொல்லிமலையில், ஆனிக்கும் மார்கழிக்கும் இடையே மொத்த வித்தியாசமே ஒன்றேகால் மணி நேரம். நாம் கவனிக்காமலே கழியும் இந்தச் சிறு மாற்றத்தில்தான் அவரை தன் காலத்தைக் கண்டுபிடிக்கிறது.

இதனால் வரும் தொல்லையும் உண்டு. தெருவிளக்கு விடிய விடிய எரியும் வயலோரத்தில் சோயா மொச்சை பச்சை மாறாமல் நிற்பதை உழவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவரையும் நீண்ட இரவில் பூக்கும் அதே கூட்டம்; பந்தல் போடும்போது வாசல் விளக்கைக் கொஞ்சம் அண்ணாந்து பார்த்துக்கொள்வது நல்லது. ஆண்டு முழுக்கக் காய் வேண்டுமென்று பெங்களூரு தோட்டக்கலை ஆய்வு நிறுவனம் இப்படி இரவை எண்ணாத அர்கா ஜெய், அர்கா விஜய் என்ற குத்து ரகங்களை உருவாக்கியது. கடைக்காரருக்கு அது வசதி. எனக்கென்னவோ காத்திருந்து பூக்கும் கொடிதான் பிடிக்கிறது.

தை, மாசியோடு காய் ஓய்ந்ததும் பலரும் கொடியை இழுத்துப் போட்டுவிடுவார்கள். ஓராண்டுப் பயிர் என்ற நினைப்பு. உண்மையில் அவரை சில ஆண்டுகள் வாழக்கூடியது. ஆழமாய் இறங்கிய வேர் கோடையைத் தாங்கும். முழங்கால் உயரத்தில் வெட்டி, தூரில் குப்பை போட்டு விட்டுவிட்டால், மழைக்குத் துளிர்த்துப் பந்தலேறும். அப்போதும் கார்த்திகை வரை இலைதான்.