பச்சை முடிந்து படப்பு தொடங்கும் நேரம்... மாட்டின் வயிற்றுக்கு 15 நாள் அவகாசம் கொடுங்கள்!

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் அழகர்மலை அடிவாரம் பச்சை பிடித்துவிடும். ஓடைக்கரை, கண்மாய் உள்வாய், தரிசு நிலம் என்று எங்கே அவிழ்த்துவிட்டாலும் மாடு வயிறு நிரம்பித்தான் தொழுவத்துக்குத் திரும்பும். மார்கழிப் பனி முடிந்து வெயில் ஏறியதும் அந்தப் புல் முற்றிக் காயத் தொடங்குகிறது. பெரியாறு கால்வாயை நம்பி ஒருபோகம் நெல் விளையும் மேலூர் பக்கம் அதே சமயம் அறுவடை நடக்கிறது. அழகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு வைக்கோல் படப்பு எழும்புகிறது.

புல் தீர்ந்த மறுநாளே வைக்கோலை அள்ளிப் போட்டுவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். அடுத்த வாரமே பால் குறைகிறது. சாணி கெட்டியாகி வறண்டு விழுகிறது. சொசைட்டியில் எஸ்.என்.எஃப். அளவு இறங்கி, லிட்டருக்குக் கிடைக்கும் விலையும் குறைகிறது. கண்ணேறு பட்டுவிட்டது என்று உப்பு, மிளகாய் சுற்றிப் போடுகிறவர்களும் உண்டு. கோளாறு இருப்பதோ மாட்டின் வயிற்றில்!

வயிற்றுக்குள் ஒரு பட்டாளம்

மாட்டின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. தீவனத்தைச் செரிக்க வைப்பவை அவைதான். பச்சைப் புல்லைச் செரிப்பவை வேறு, நார் மிகுந்த வைக்கோலைச் செரிப்பவை வேறு. ஒரு கூட்டம் குறைந்து இன்னொரு கூட்டம் பெருக இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதுவரை வயிறு நிறைய வைக்கோல் தின்றாலும் உடம்பில் முழுசாகச் சேராது.

வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவிகிதம்தான். சுண்ணாம்பு, மணிச் சத்துகளும் குறைவு. வைக்கோலை மட்டும் போட்டால் அந்த நுண்ணுயிர்களுக்கே இரை போதாது. அதனால் மாடு தின்னும் அளவும் தானாகக் குறைந்துவிடும்.

எப்படி மாற்றுவது?

புல் முழுசாகக் காயும் முன்பே, மார்கழிக் கடைசியில் தொடங்கிவிட வேண்டும்.

முதல் 5 நாள்: வழக்கமான பசுந்தீவனத்தில் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்தை வைக்கோலால் நிரப்புங்கள். காலையில் மேய்ச்சலுக்கு அவிழ்க்கும் முன்பு கொடுத்தால் விரும்பித் தின்னும்.

அடுத்த 5 நாள்: பாதி பச்சை, பாதி வைக்கோல்.

அதற்கடுத்த 5 நாள்: முக்கால் பங்கு வைக்கோல்.

பச்சையை அடியோடு நிறுத்தக் கூடாது. அகத்தி, கிளைரிசிடியா, வேலிமசால், சூபாபுல் தழைகளில் ஏதாவது ஒன்றை தினமும் 3 முதல் 5 கிலோ வைக்கோலோடு கலந்து கொடுத்தால் புரதக் குறை பெருமளவு சரியாகும். சூபாபுல் மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கடலைக்கொடி, உளுந்தஞ்செடி இருந்தால் எரிக்காமல் சேர்த்து வையுங்கள். வைக்கோலைவிடச் சத்து மிகுந்தவை அவை.

தாது உப்புக் கலவை பெரிய மாட்டுக்கு தினமும் 30 முதல் 50 கிராம், கல் உப்பு 30 கிராம் தவிட்டில் கலந்து வையுங்கள். கறவை மாட்டுக்கு உடம்பைப் பராமரிக்க ஒன்றரை கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என்பது பொதுவான கணக்கு. அதையும் ஒரே நாளில் கூட்டாமல் கால் கிலோ, கால் கிலோவாகக் கூட்டுங்கள்.

தண்ணீரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வைக்கோலில் பத்தில் ஒரு பங்குதான். மேய்ச்சலில் இருந்தபோது குடித்த அளவு இப்போது போதாது. தொட்டியில் எந்நேரமும் நல்ல தண்ணீர் இருக்கட்டும்.

மாட்டுப்பொங்கல் அன்று கவனம்!

இந்த மாற்றம் நடக்கும் நாள்களில்தான் தைப்பொங்கலும் வருகிறது. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஆசையாகப் பொங்கல் ஊட்டுவார்கள். அரிசிச் சோறும் வெல்லமும் அளவு மீறி உள்ளே போனால் பெருவயிற்றில் அமிலம் பெருகிவிடும். அசை போடாது. வயிறு உப்பும். புளித்த நாற்றத்தோடு கழியும். தள்ளாடிப் படுத்துவிடும். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் அறிகுறி தெரியும், கவனிக்காவிட்டால் உயிரே போகும்.

சாமிக்குப் படைத்த பொங்கலில் மாட்டுக்கு ஒரு கைப்பிடி போதும். மீதியை வீட்டில் சாப்பிடுங்கள். மாட்டுக்கு ஆசை தீர அகத்திக்கீரையும் கரும்புத் தோகையும் கொடுக்கலாம். அறிகுறி தெரிந்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழைக்க 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

வைக்கோலுக்குச் சத்தேற்றலாம்

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 60 லிட்டர் தண்ணீர். யூரியாவை முழுசாகக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கிலும் சீராகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடுங்கள். 21 நாள் கழித்துப் பிரித்தால் வைக்கோல் மெத்தென்றாகி, புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும். தேவையானதை மட்டும் எடுத்து, நெடி போக ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது கூடாது. யூரியா கரைத்த வாளியைத் தொழுவத்தில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. தாகத்தில் மாடு அதைக் குடித்தால் காப்பாற்றுவது கடினம்.

சித்திரை வரை வருமா?

ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ என்றால், தை முதல் வைகாசி வரை 150 நாளுக்கு 900 கிலோ வைக்கோல் வேண்டும். இரண்டு மாட்டுக்குக் கிட்டத்தட்ட 2 டன். ஒரு கட்டைத் தராசில் நிறுத்துப் பார்த்து, கையிருப்பை இப்போதே கணக்கிடுங்கள். பற்றாக்குறை என்றால் அறுவடை நடக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் தேடினால் வைக்கோல் விலை எட்டாத உயரத்தில் இருக்கும்.

வாசகர் கேள்வி

*அறுவடை நேரத்தில் மழை பெய்து வைக்கோல் நனைந்துவிட்டது. மாட்டுக்குப் போடலாமா?*

உடனே பரப்பி நன்றாகக் காயவைத்தால் போடலாம். கறுத்து, பூஞ்சணம் பிடித்து, முடை நாற்றம் அடித்தால் வேண்டாம். உதறிவிட்டுப் போட்டாலும் நஞ்சு போகாது. குப்பைக் குழியில் போட்டு எருவாக்குங்கள்.

*நாட்டு மாட்டுக்கும் இவ்வளவு பக்குவம் தேவையா?*

புலிக்குளம் போன்ற நாட்டு மாடுகள் காய்ந்த மேய்ச்சலையும் தாங்கும். ஆனால், பெருவயிற்றின் வேலை எல்லா மாட்டுக்கும் ஒன்றுதான். அடர்தீவனத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; 15 நாள் அவகாசம், தாது உப்பு, தண்ணீர் மூன்றையும் குறைக்க வேண்டாம். சினை மாடாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை.