புற்றுக்கட்டியில் இரத்தக் குழாய் வளர்ச்சியும் நோயெதிர்ப்பு உயிரணுக்களும்

நோயெதிர்ப்பு உயிரணுக்கள் நோய்க்கிருமிகளை அழித்து உடலைக் காப்பவை. ஆனால் புற்றுக்கட்டிக்குள் நுழையும் இவ்வுயிரணுக்களில் சில, அங்குப் புதிய இரத்தக் குழாய்கள் உருவாகத் துணைபுரிகின்றன. வேறு சில அதைத் தடுக்கின்றன. இவ்விரண்டில் எது மேலோங்குகிறது என்பது கட்டியின் வளர்ச்சியையும் சிகிச்சையின் பலனையும் பாதிக்கிறது.

கட்டிக்கு இரத்தக் குழாய் ஏன் தேவை?

இரத்தக் குழாயிலிருந்து ஆக்சிசன் ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தொலைவு வரையே திசுவுக்குள் பரவும். ஆகவே புதிய குழாய்கள் இல்லாத கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வது கடினம். குழாய் வளர்ச்சியைத் தடுத்தால் கட்டியையும் கட்டுப்படுத்தலாம் என்ற கருத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971 இல் வெளியிட்டார்.

ஆறாத புண்

தோலில் காயம் ஏற்பட்டால் முதலில் நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்களும், அடுத்துப் பெருவிழுங்கிகள் எனப்படும் மேக்ரோஃபேஜ்களும் அங்கு வந்து சேர்கின்றன. கிருமிகளையும் இறந்த உயிரணுக்களையும் அகற்றியபின், பெருவிழுங்கிகள் வி.இ.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. அதனால் புதிய குழாய்கள் முளைத்துப் புண் ஆறுகிறது. ஆறியதும் இப்பணி நின்றுவிடும்.

புற்றுக்கட்டியில் இப்பணி நிற்பதில்லை. வேகமாக வளரும் கட்டியின் உட்பகுதியில் ஆக்சிசன் குறைகிறது. அங்கிருந்து வெளிப்படும் வேதிச் சைகைகள் பெருவிழுங்கிகளை ஈர்க்கின்றன. அவை காயத்தில் செய்த அதே வேலையை இங்கும் செய்கின்றன. நியூட்ரோஃபில்கள் வெளியிடும் நொதிகள் சுற்றுத் திசுவைச் சிதைத்து, அதில் பிணைந்துள்ள வி.இ.ஜி.எஃப். மூலக்கூறுகளை விடுவிக்கின்றன. மாஸ்ட் உயிரணுக்களும் இதற்கு உதவுகின்றன. புற்றுக்கட்டிகள் 'ஆறாத புண்கள்' என்று நோயியல் வல்லுநர் ஹரால்டு டுவோராக் 1986 இல் விளக்கியது இதனோடு பொருந்துகிறது.

இதற்கு மாறாக, டி உயிரணுக்களும் இயற்கைக் கொல்லி உயிரணுக்களும் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா குழாய் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது.

குழாய்களின் எதிர்விளைவு

இந்தத் தொடர்பு இருவழிப்பட்டது. அளவுக்கு மிஞ்சிய வி.இ.ஜி.எஃப்., டி உயிரணுக்களுக்குப் பகையை அடையாளம் காட்டும் கிளையுருவ உயிரணுக்கள் முதிர்ச்சி அடைவதைத் தடுக்கிறது. அவசரமாக உருவான கட்டியின் குழாய்கள் கோணல்மாணலாகவும் கசிவுடனும் இருக்கின்றன. இரத்தம் சீராக ஓடாததால் மருந்தும் டி உயிரணுக்களும் கட்டியின் உள்ளே போதிய அளவு சென்றடைவதில்லை.

ராகேஷ் ஜெயினின் கருத்து

கட்டிக்குச் செல்லும் குழாய்களை முற்றிலும் அழித்துவிட்டால் மருந்து எவ்வழியே செல்லும்? இக்கேள்விக்கு விடை தேடியவர், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப் பொறியியல் பயின்று அமெரிக்காவில் ஆய்வு செய்துவரும் ராகேஷ் ஜெயின். வி.இ.ஜி.எஃப். தடுப்பு மருந்தை உரிய அளவில் கொடுத்தால், எஞ்சும் குழாய்கள் சில காலத்திற்குச் சீரடையும் என்றும், அப்போது பிற மருந்துகள் கட்டிக்குள் நன்கு சேரும் என்றும் 2001 இல் அவர் எடுத்துரைத்தார். அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் 2016 இல் அவருக்கு வழங்கப்பட்டது.

சிகிச்சையில் பயன்

வி.இ.ஜி.எஃப். மூலக்கூறைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்துக்கு, பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்காக 2004 இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. டி உயிரணுக்களின் தடையை நீக்கும் அட்டிசோலிசுமாப் மருந்துடன் இதைச் சேர்த்து, அறுவை செய்ய இயலாத கல்லீரல் புற்றுநோய்க்குத் தரும் முறை 2020 இல் ஏற்கப்பட்டது.

இம்மருந்து கட்டியின் குழாய்களை மட்டும் பிரித்தறிவதில்லை; சாதாரணப் புண் ஆறுவதையும் தாமதப்படுத்தும். எனவே பெரிய அறுவைக்குப் பின் குறைந்தது 28 நாட்கள் கழிந்து, புண் நன்கு ஆறிய பின்னரே இதைத் தருகின்றனர். திட்டமிட்ட அறுவைக்கு முன்பும் குறைந்தது 28 நாட்கள் நிறுத்திவைக்கின்றனர். இம்மருந்து பெறுபவர்கள், பல் பிடுங்குவது உட்பட எந்தச் சிறு அறுவைக்கு முன்பும் தங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.