புகையின் பக்குவம்

புகை என்றதும் கண்ணைக் கசக்கி முகஞ் சுளிப்பது நமது வழக்கம். ஆயினும், உணவைக் கெடாமற் காக்கும் பணியை மனிதன் நெடுங்காலமாகப் புகையிடம் ஒப்படைத்து வந்துள்ளான். 1343 ஆம் ஆண்டில் மாலைதீவுக்குச் சென்ற இபுன் பதூதா, அங்குள்ளோர் மீனை அவித்து, ஓலைக்கூடையிலிட்டுப் புகையில் தொங்கவிட்டு உலர்த்துவதையும், அது இந்தியா, சீனம், யேமன் முதலிய தேசங்களுக்கு ஏற்றுமதியாவதையும் எழுதி வைத்துள்ளார். நம் வீட்டுச் சம்பலில் இடிபடும் மாசி அதுவே.

கடைச்சரக்காக மட்டுமே மாசியை அறிந்திருந்த நான், அதனை வீட்டிலே செய்து பார்க்க முனைந்தது 2022 இல். எரிவாயு கிடையாமல் நாடு தவித்த அவ்வாண்டில், யாழ்ப்பாணத்து வீடுகளில் விறகடுப்பு மீண்டும் மூண்டது. பருத்தித்துறையில் அன்றே பிடிபட்ட சூரை ஒன்றை வாங்கினேன். மீன் புதிதாயிருத்தல் இன்றியமையாதது. சூரை வெயிலிற் கிடந்தால் அதில் உண்டாகும் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருளை அவித்தலும் போக்காது, புகைத்தலும் போக்காது.

குடல் நீக்கி, நான்காகப் பிளந்து, உப்புநீரில் அவித்து, முள் களைந்தேன். முற்றத்து வேலியோரம் அடுப்பு மூட்டி, அதன்மேல் உயரக் கம்பித்தட்டில் துண்டுகளைப் பரப்பினேன். பொச்சுமட்டை அடுக்கும்போதே பெரியம்மா சொன்னார்: "தம்பி, எரிய விடாதை, புகைய விடு. வாழைக்குலைக்குப் புகை போடுற மாதிரித்தான்."

கலையின் சாரம் அதுவே. உப்பும் வெம்மையும் ஈரத்தை வாங்குகின்றன. புகையிலுள்ள பீனோல்களும் அமிலங்களும் கிருமிகளை அடக்குகின்றன. அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் மாட்டின் நெஞ்சிறைச்சியை இரவு முழுதும் ஓக் விறகின் புகையில் வேகவைப்பர். அங்கே வன்தசை குழைகிறது. இங்கே மென்தசை கட்டைபோல் இறுகுகிறது. இரண்டிற்கும் வேண்டுவது தணிந்த நெருப்பும் பொறுமையுமே. பகலில் வெயில், மாலையில் புகை என ஒரு வாரம் சென்றபின், தட்டினால் ஓசையெழும் மாசி கைக்கு வந்தது.

அடுப்பை முற்றத்தில் மூட்டியதற்கு ஒரு காரணம் உண்டு. மீனைக் காக்கும் அதே புகைதான், மூடிய அடுக்களையில் ஊதுகுழலோடு வாழ்ந்த நம் பெண்களின் நெஞ்சை அரித்தது. வீட்டுப் புகை சுவாச நோய்க்கும் இருதய நோய்க்கும் ஏதுவாகுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரியம்மாவின் ஓயாத இருமல் அதனை எனக்கு முன்னரே சொல்லியிருந்தது. பழைய பக்குவங்களை மீட்க விரும்பும் நாம், அவற்றைக் காத்துத் தந்தோரின் மூச்சையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.