இணையத் தரவை நேராக நினைவகத்துக்கு இறக்குவது எப்படி?

சி மொழியில் இணையப் பக்கத்தை இறக்க வேண்டுமென்றால் பெரும்பாலோர் நாடுவது லிப்கர்ல் நூலகத்தை. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க் 1998இல் வெளியிட்ட கர்ல் கருவியின் உள்ளிருக்கும் எந்திரம் அது. தனி நூலகமாக 2000இல் வந்தது. முகவரியைக் கொடுத்து இயக்கினால் பக்கம் வந்துவிடும், ஆனால் திரையில் கொட்டும். வந்த தரவை நிரலுக்குள்ளேயே அலச வேண்டியவருக்கு அது உதவாது. கோப்பில் எழுதி, அதைத் திறந்து மறுபடி படிப்பதும் வீண் சுற்று.

இதற்கு லிப்கர்லில் நல்ல வழி இருக்கிறது. தரவு வரவர அழைக்க வேண்டிய ஃபங்ஷனை நாமே எழுதி, ரைட்ஃபங்ஷன் என்ற ஆப்ஷனில் கொடுக்கலாம். ரைட்டேட்டா ஆப்ஷனில் நம்முடைய ஸ்ட்ரக்டின் முகவரியைக் கொடுத்தால், ஒவ்வொரு அழைப்பிலும் அது கடைசி ஆர்கியூமென்டாக வந்து சேரும். ஸ்ட்ரக்டில் இரண்டு உறுப்புகள் போதும்: நினைவக இடத்தைக் காட்டும் பாயிண்டர், இதுவரை சேர்ந்த பைட்டுகளின் எண்ணிக்கை.

புதிதாக எழுதுபவர்கள் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். பக்கம் முழுசாக ஒரே தடவையில் வராது, துண்டு துண்டாகத்தான் வரும். வழக்கமாக ஒரு துண்டு 16,384 பைட்டைத் தாண்டாது. ஒரே ஒரு பைட்டாகவும் வரலாம். மொத்த அளவு எவ்வளவு என்று சர்வர் முன்கூட்டிச் சொல்லாமலும் போகலாம். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் ரீஅலாக் மூலம் இடத்தை நீட்ட வேண்டும்.

முதல் துண்டு 16,384 பைட், அடுத்தது 5,000 பைட் என்று வைத்துக்கொள்வோம். இப்போது தேவை 21,385 பைட். அந்த ஒரு பைட் எதற்கு என்றால், லிப்கர்ல் தரும் தரவின் முடிவில் சுழியம் இருக்காது; நாம்தான் வைக்க வேண்டும். மெம்காப்பியால் புதிய துண்டை 16,384ஆம் இடத்திலிருந்து நகலெடுத்து, எண்ணிக்கையை 21,384 ஆக்கி, அந்த இடத்தில் சுழியத்தை வையுங்கள். ரீஅலாக் தருவதை முதலில் வேறொரு பாயிண்டரில் வாங்குங்கள். இடம் கிடைக்காமல் அது நல் (NULL) தந்தால் பழைய இடத்தின் முகவரியாவது கையில் மிஞ்சும். படம் போன்ற தரவில் நடுவிலேயே சுழியங்கள் வரும் என்பதால், அளவுக்கு ஸ்டிர்லென்னை நம்பாமல் ஸ்ட்ரக்டில் உள்ள எண்ணிக்கையை நம்புங்கள்.

ஃபங்ஷன், வாங்கிய பைட்டுகளின் எண்ணிக்கையை அப்படியே திருப்பித் தர வேண்டும். மாறினால் லிப்கர்ல் பிழை எண் 23 சொல்லி இறக்கத்தை நிறுத்திவிடும். இது நமக்குக் கிடைத்த கடிவாளம். மொத்தம் 10 எம்பியைத் தாண்டினால் சுழியம் திருப்பு என்று ஒரு வரி எழுதினால் போதும், எந்த சர்வராலும் நம் நினைவகத்தை நிரப்பிக் கவிழ்க்க முடியாது. இந்த வரி இல்லாத நிரலை வெளியே அனுப்பவே கூடாது என்பது என் கருத்து.

404 பிழைப் பக்கமும் தரவாகவே வரும், ஆகவே பதில் எண்ணைச் சரிபாருங்கள். மொத்த நேர வரம்பு தானாக இருக்காது, டைம்அவுட்டை நீங்களே வையுங்கள்.

கடைசியில் அழைக்கும் ஈஸி கிளீனப் ஃபங்ஷன் விடுவிப்பது கர்லின் ஹேண்டிலை மட்டுமே. ரீஅலாக்கில் நாம் வாங்கிய இடத்தை நாம்தான் ஃப்ரீ செய்ய வேண்டும்.