இணையத்தளத்திற்கும் கவ்வாத்து வேண்டும்

டயகம பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் கவ்வாத்து என்றால் தெரியும். வெட்டாமல் விட்டால் தேயிலைச் செடி மரமாக உயர்ந்து, கொழுந்து கைக்கு எட்டாமற் போய்விடும். நட்டுவிட்டால் மட்டும் போதாது. இணையத்தளமும் அப்படித்தான் என்பதை எங்கள் கடையிலேயே கற்றுக்கொண்டேன்.

2021இல் கொரோனா முடக்கத்தால் வியாபாரம் படுத்தபோது, தேயிலைத்தூள் விற்பதற்கு நானா ஓர் இணையத்தளம் அமைத்தார். திறந்த அன்று உம்மா வட்டிலப்பம் செய்தார். அதன்பின் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். கடையின் விலைப் பலகையை வாப்பா அடிக்கடி அழித்தெழுதினார். தளத்திலோ பழைய விலையே கிடந்தது. குருநாகலிலிருந்து ஒருவர் 10 பக்கட்டுகளுக்கு அந்த விலைப்படி வங்கியில் பணம் போட்டுவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். "நாங்க எழுதின விலை நாங்க குடுத்த வாக்கு" என்று சொல்லி, வாப்பா நட்டத்துடனேயே அனுப்பிவைத்தார். அன்றிரவே தளத்தின் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கவனிக்க வேண்டியவற்றுள் முதலாவது உள்ளடக்கம். விலை, தொலைபேசி இலக்கம், இருப்பு ஆகியவை கடையில் மாறும் அன்றே தளத்திலும் மாற வேண்டும்.

இரண்டாவது முகவரிப் பெயர். அதை நாம் நிரந்தரமாக வாங்குவதில்லை, குத்தகைக்கே எடுக்கிறோம். தவணை தவறினால் கடை பூட்டியது போலாகும். 1999 நத்தார்க் காலத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனமே தனது ஒரு பெயரைப் புதுப்பிக்க மறந்தது. ஹொட்மெயில் பாவனையாளர் பலரால் உள்நுழைய முடியவில்லை. அமெரிக்காவின் கணினி நிரலாளர் ஒருவர் தன் பணத்தில் 35 டொலர் செலுத்திய பின்னரே நிலைமை சீரானது. பெரிய நிறுவனத்திற்கே இந்த மறதி என்றால், நம் வீட்டு நாட்காட்டியில் அத்திகதியைக் குறித்து வைப்பது வெட்கமல்ல. பதிவுக்குக் கொடுத்த மின்னஞ்சலும் நாம் தினமும் திறப்பதாக இருக்க வேண்டும். நினைவூட்டல் அங்குதான் வரும்.

மூன்றாவது பாதுகாப்பு. வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்களில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும்போது புதிய பதிப்பு வெளிவரும். அதை இடாத தளங்களைத் தேடியே தானியங்கி நிரல்கள் இணையமெங்கும் அலைகின்றன. ஆகவே புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் தளத்தின் பிரதியொன்றை வேறிடத்தில் சேமிக்க வேண்டும். பிரதியிலிருந்து தளம் மீண்டும் எழுகிறதா என ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவு செய்தும் நம் கைக்கு அப்பாற்பட்டவை உண்டு. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, சுதந்திர தினத்திற்கு இரண்டு நாட்களின் பின், இலங்கைக்குரிய 'எல்கே' என முடியும் சில முகவரிகள் வேறொரு பக்கத்திற்குத் திருப்பப்பட்டன. கூகுளின் இலங்கை முகவரியும் அவற்றுள் ஒன்று. அந்தத் தளங்களின் கதவு உடைக்கப்படவில்லை. பெயரைக் கொண்டு இடத்தைக் காட்டும் வழிகாட்டிப் பலகைதான் மாற்றப்பட்டது. திறந்தவர்கள் கண்டது நாட்டு மக்களின் பிரச்சினைகளை. தேயிலைத் தொழிலும் அதில் இருந்தது. அன்று காலையிலேயே சரிசெய்யப்பட்டது.

இதை வாசித்தபோது என் மனம் இரண்டுபட்டது. எங்கள் மலையகத்தின் கதை பேசப்பட்டதே என்றிருந்தது. ஆனால் பாதிக்கப்பட்டவற்றுள் உள்ளூர் வியாபாரிகளின் தளங்களும் இருந்தன. அவர்களைத் தேடிய வாடிக்கையாளர் வழிதவறியிருப்பார்களே என்றும் தோன்றியது. அதனாற்றான் கடையின் தொலைபேசி இலக்கத்தை இப்போது ஒவ்வொரு பக்கட்டிலும் அச்சிடுகிறோம். தளத்தையும் ஓர் அந்நியரைப் போல வேறு கைத்தொலைபேசியில் திறந்து பார்க்கிறேன்.

சகோதரிகளே, இதற்குப் பெரிய கணினி அறிவு தேவையில்லை. வெள்ளி மாலையில் 20 நிமிடங்களும் ஒரு கொப்பியும் எனக்குப் போதுமாயிருக்கின்றன. அந்தக் குருநாகல் வாடிக்கையாளர் கடந்த மாதம் மறுபடியும் 10 பக்கட்டுகள் கேட்டார். இம்முறை அவர் பார்த்த விலையும் வாப்பாவின் பலகையில் இருந்த விலையும் ஒன்றே.