அம்மாவுக்கு யார் தாலாட்டு?

மாமியாருக்கு மாத்திரை கொடுத்தாயிற்று. குழந்தையைத் தட்டித் தூங்க வைத்தாயிற்று. காலை இட்லிக்கு மாவும் கரைத்து வைத்தாயிற்று. மணி பதினொன்று. வீடே உறங்குகிறது; வீட்டுக்காரி மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். மயிலாப்பூரானால் என்ன, தியாகராய நகரானால் என்ன, அடையாறானால் என்ன, எல்லா இடத்திலும் இதே கதைதான். எல்லோருக்கும் தாலாட்டுப் பாடியவளுக்குத் தாலாட்ட ஆள் இல்லை!

தாலாட்டு தொட்டிலுக்கு மட்டுமே சொந்தம் என்று நம் பெரியவர்கள் நினைக்கவில்லை. 'தால்' என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவது தாலாட்டு. திருக்கண்ணபுரத்துப் பெருமாளை இராமனாகவே எண்ணித் தாலாட்டினார் குலசேகர ஆழ்வார். கோயிலில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளும்போது நாகஸ்வரத்தில் நீலாம்பரி வாசிப்பது மரபு. தெய்வத்துக்கே தூங்கப் பாட்டு வேண்டியிருக்கும்போது, மனுஷிக்கு வேண்டாமா?

29-வது மேளமாகிய சங்கராபரணத்தில் பிறந்தது நீலாம்பரி. விளம்ப காலத்தில், அசைந்து அசைந்து போவதுதான் அதன் அழகு. நாகப்பட்டினத்து அம்பிகையின் மீது முத்துஸ்வாமி தீக்ஷிதர் இயற்றிய 'அம்ப நீலாயதாக்ஷி' இந்த ராகத்தில் அமைந்ததே.

"கேட்க நன்றாயிருக்கிறது, தூக்கம் நிஜமாகவே வருமா?" என்பீர்கள். சங்கீதத்தால் நோயைத் தணிக்க முடியுமா என்று சென்னையிலேயே ஆராய்ந்தவர் வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதன். வெளிநாட்டாரும் சும்மா இருக்கவில்லை. ஹங்கேரியில் தூக்கம் கெட்ட 94 மாணவர்களை வைத்து நடத்திய சோதனை 2008-ல் வெளியாயிற்று. சிலர் படுக்கப் போகையில் 45 நிமிஷம் சாஸ்திரீய சங்கீதம் கேட்டார்கள். சிலர் கதை கேட்டார்கள். மற்றவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் சங்கீதம் கேட்டவர்களின் தூக்கமே குறிப்பிடத்தக்க அளவு தேறியது. தொடர்கதை ரசிகைகள் மன்னிக்க! 2022-ல் 13 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த நிபுணர்களும், தூக்கத்தின் தரத்தைச் சங்கீதம் உயர்த்துவதாகவே சொன்னார்கள்.

ஆனால் எல்லாப் பாட்டும் தூங்க வைக்காது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் 2021-ல் கண்டது இது: மனத்தில் ஒட்டிக்கொள்ளும் பாட்டைக் கேட்டுவிட்டுப் படுத்தால், அது உள்ளே ஓடிக்கொண்டே இருந்து தூக்கத்தைக் கெடுக்கும். பிரபலமான பாட்டை வாத்தியத்தில் மட்டும் கேட்டாலோ, இன்னும் மோசம்!

ஆகவே, துள்ளல் பாட்டும், பழைய நினைவைக் கிளறும் பாட்டும் வேண்டாம். நிதானமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தினமும் அதையே, பக்கத்து அறைக்குக் கேட்காத அளவில் வையுங்கள். செல்போனைக் கைக்கெட்டாத தூரத்தில் கவிழ்த்து வைத்து, அரைமணி, முக்கால் மணியில் தானே நிற்கும்படி செய்யுங்கள். ஒரே நாளில் பலன் தெரியாது; மூன்று வாரமாவது பாருங்கள். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் மாதக் கணக்கில் தூக்கமில்லையென்றாலும், குறட்டை நடுவே மூச்சுத் திணறினாலும், நீலாம்பரியை நம்பியிராமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

பாட்டுக்குச் செலவில்லை, நேரந்தான் அகப்படுவதில்லை. "என் சட்டை எங்கே?", "நாளைக்கு என்ன டிபன்?" என்ற கேள்விகளையெல்லாம் ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ளும்படி வீட்டாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முக்கால் மணி உங்களுடையது!